தலையணைக் கயிறு

வில்லியனூரில் எங்களுக்கு மெத்தைக் கடை. இலவம் பஞ்சைத் திணிப்பது என் வீட்டுக்காரர் வேலை, உறை தைப்பது என் வேலை. இதில் யார் வேலை பெரிது என்று எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம் முழுக்க அந்தக் கடையில் நான் கடலுக்கென்றே தலையணை தைத்தேன். பைத்தியம் என்றார்கள். எங்கள் பள்ளிவாசல் தெருவிலேயே சிலர், "சாமி ஊர்வலத்துக்குப் போய் நீ எதுக்கு மெனக்கெடுறே?" என்றார்கள். தண்ணீரில் விழுகிறவளிடம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டா கயிறு போட முடியும்? அன்றைக்கும் இதையேதான் கேட்டேன்.

மாசி மகத்தன்று பாகூர் பக்கத்துக் கிராமங்களின் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக் குப்பத்துக்குப் போகும். டிராக்டரிலும் மாட்டு வண்டியிலும் சாமி முன்னால் போக, நெல்லும் கரும்பும் போடுகிற ஜனம் பின்னாலேயே போகும். அவர்களில் பாதிப் பேருக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கடல். சாமி குளித்து முடித்ததும் படகில் ஏறி ஒரு சுற்று வந்தால்தான் அவர்களுக்குத் திருவிழா முடிந்த மாதிரி. வளையல் கடைக்கும் பொரிக் கடைக்கும் நடுவில் நானும் தலையணைகளைக் குவித்து வைத்து உட்கார்ந்திருப்பேன்.

முதல் வருடம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். குருவிநத்தத்து அக்கா ஒருத்தி, பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்காக என்னிடம் ஒரு தலையணை வாங்கினாள். கூட அவளுடைய நாத்தனார். வாங்கிய தலையணையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டே படகில் ஏறினாள். இருபது பேருக்கு மேல் ஏறிய படகு அது. திரும்பி வரும்போது அலை உடைகிற இடத்தில், கரையில் நின்ற சொந்தக்காரர்களுக்குக் கை காட்ட எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். படகு குப்புறக் கவிழ்ந்தது.

கரையில் இருந்த ஜனம் என்ன செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். கிணற்றில் நீந்தத் தெரிந்தவர்கள், நீந்தவே தெரியாதவர்கள், எல்லோரும் வேட்டி புடவையோடு தண்ணீருக்குள் ஓடினார்கள். குப்பத்து ஆட்கள் கட்டுமரத்தோடு போனவர்கள், படகிலிருந்து விழுந்தவர்களை எடுப்பதா, கரையிலிருந்து விழுந்தவர்களை எடுப்பதா என்று தெரியாமல் திண்டாடினார்கள். விழாப் பந்தலில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு மிதவை வளையங்கள் தொங்கின. யாரும் திருடிவிடக் கூடாதே என்று அவற்றைக் கட்டுக்கம்பி போட்டுக் கம்பத்தோடு முறுக்கி வைத்திருந்தார்கள். ஒரு ஆள் பல்லால் கடித்துக்கூட அந்தக் கம்பியை அவிழ்க்கப் பார்த்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பந்தலையே பிடுங்கியிருப்பேன்.

அன்றைக்கு மூன்று பேர் திரும்பவில்லை. மூன்றும் பெண்கள். குருவிநத்தத்து அக்கா, தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு மிதந்து வந்து சேர்ந்தாள். அவளுடைய நாத்தனார் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்கா கடைக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் உள்ளே பஞ்சு உதறிக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

"பாயம்மா, அந்தத் தலகாணி ரெண்டு பேரத் தாங்குமா?"

எதற்குக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"அவ வந்து கை வெச்சா. நான் தள்ளி வுட்டுட்டேன். ரெண்டு பேரும் பூடுவோம்னு பயந்துக்கினு தள்ளி வுட்டேன். வூட்ல யாருக்கும் தெரியாது. நீ தச்ச தலகாணிதான, நீயே சொல்லு. தாங்குமா, தாங்காதா?"

"தாங்காதுக்கா," என்றேன். "ஒருத்தரத்தான் தாங்கும். ரெண்டு பேரும் போயிருப்பீங்க."

எனக்கு அப்போது உண்மை தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தேன், வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். போகும்போது, "அடுத்த மாசிக்கும் ஜனம் படகு ஏறும் பாயம்மா. எவன் சொன்னாலும் கேக்காது. இன்னொருத்தி அங்க கெடக்கக் கூடாது. எதுனா செய்யணும்," என்றாள். செய்வோம் என்று சொல்லிவிட்டேன். என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அந்த வாரமே உறுவையாற்றில் எங்களுக்குப் பழக்கமான ஒரு விவசாயியின் கிணற்றுக்குப் போனோம். அக்காவுக்கு விற்ற அதே அளவுத் தலையணை, அதே உறை. என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கழுத்துக்கு மேல் தண்ணீருக்கு வெளியே தெரிய நன்றாக மிதந்தார். "இன்னொரு ஆளும் புடிச்சிப் பாருங்க," என்றேன். கிணற்றுக்காரரும் இறங்கிக் கை வைத்தார். தலையணை கொஞ்சம் தாழ்ந்தது, அவ்வளவுதான். இரண்டு ஆம்பளைகளும் தாடை நனையாமல் மிதந்தபடி, மழை பெய்யுமா பெய்யாதா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

திரும்பும் வழியில் என் வீட்டுக்காரரிடம், "இத அந்தக்காகிட்ட சொன்னீங்க, அன்னியோட உங்களுக்கு வூட்ல சோறு கெடையாது," என்றேன். அவர் சைக்கிளை இன்னும் வேகமாக மிதித்தார். அந்தப் பொய்க்காக அன்று நான் வெட்கப்படவில்லை. உண்மையைச் சொல்லி அவளைக் கிணற்றில் தள்ளுவதற்கு நான் யார்?

பிறகு வேலை தொடங்கியது. முதலில் உடம்பில் மாட்டிக்கொள்கிற சட்டை மாதிரித்தான் தைத்தேன். வில்லியனூர் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவருகிற குப்பத்துக்காரி ஒருத்தி எனக்குச் சிநேகிதி. அவள் புருஷனுக்குக் கரைவலை சொந்தம். என் சட்டையைப் பார்த்துவிட்டு, கூடையை இறக்கி வைத்துச் சிரித்தாள்.

"இன்னாடி இது, ஊர் ஜனம் பட்டுப்பொடவ கட்டிக்கினு வருது, அதுமேல இத்தப் போட்டுக்குமா? ஏறும்போது எவளும் போட மாட்டா. வுழுந்தப்புறம் போட முடியாது. வுழுந்தவங்கள மொத்தமா வளைச்சி இழுக்கிற மாதிரி எதுனா தை."

வளைத்து இழுப்பது அவர்கள் தினமும் செய்கிற வேலை. கரைவலையில் கயிற்றின் ஒரு முனை கரையில் இருக்கும். மறு முனையோடு படகு கடலுக்குள் போய், பெரிய வளைவாகச் சுற்றி, கொஞ்சம் தள்ளிக் கரைக்கு வந்து சேரும். பிறகு இரண்டு முனையையும் இரண்டு கூட்டம் இழுக்கும். நடுவில் இருக்கிற மீனெல்லாம் கரைக்கு வரும். மீனுக்குச் செய்வதை மனுஷருக்குச் செய்தால் என்ன? வலை வேண்டாம், கயிறு போதும். கயிற்றில் இரண்டு முழத்துக்கு ஒரு தலையணை. தலையணைக்குத் தலையணை கட்டில் நாடாவில் ஒரு வளையம். அதில் கையை நுழைத்துக்கொண்டால் அலை அடித்தாலும் பிடி விடாது.

சொல்வது சுலபம். பஞ்சு நனையாமல் இருக்க, யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையில் அதைப் போட்டோம். பையின் வாயை ரம்பப் பிளேடில் மடித்து, ஓரத்தை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டினோம். முதல் பத்துத் தலையணையும் வீண். காரணம் என் வீட்டுக்காரரின் தொழில் பெருமை. முழங்காலால் அழுத்தி அழுத்தி, கல் மாதிரி திணித்தால்தான் அவருக்கு அது மெத்தை. தண்ணீரில் போட்டு ஒரு உலுக்கு உலுக்கியதும் ஒட்டிய ஓரமெல்லாம் பிளந்துகொண்டது.

"தொளதொளன்னு குடுத்தா என் பேர் கெட்டுடும்," என்றார்.

"கெடட்டும். தூங்குறதுக்கா கேட்டோம்?" என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் தொளதொளவென்றே திணித்துக் கொடுத்தார்.

குருவிநத்தத்து அக்கா வாராவாரம் வந்தாள். ஊரில் யார் யார் வயலுக்கு உரம் போட்டார்களோ அத்தனை பேரிடமும் பை வாங்கி, அலசிக் காயவைத்து, மடித்துக் கொண்டுவந்தாள். வரப்பில் நின்ற இலவ மரங்களின் காயெல்லாம் அந்த வருடம் எங்கள் கடைக்குத்தான் வந்தது. கோணி ஊசி பிடித்துப் பழக்கமில்லாத விரல், குத்திக் குத்தி ரத்தம் வரும். விடமாட்டாள். ஒரு தலையணைக்கு ஒரு ஆள் என்று கணக்குப் போட்டு, ஒரு படகு நிறைய ஆளுக்குத் தலையணை தைக்கச் சொன்னாள். பாதி போதும் என்று எனக்குத் தெரியும். சொல்ல முடியுமா? சொன்ன பொய்யை நானே தைத்துத் தீர்த்தேன்.

இழுப்பதற்கு யார்? அன்றைக்குக் குப்பத்து ஆண்களெல்லாம் கட்டுமரத்தில் கடலுக்குள் போய்விடுவார்கள். கரையில் மிச்சம் இருப்பது தலையில் அடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஓடுகிற ஊர் ஜனம்தான். அந்த ஜனத்தின் கையிலேயே கயிற்றைக் கொடுத்துவிட்டால் ஓடாது என்று அக்காதான் சொன்னாள். அவள் தெருப் பெண்களில் முப்பது பேரைத் திரட்டினாள். தை மாதத்தில் ஒரு நாள் வண்டி கட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். மீன்காரியின் மச்சான் கடலில் இறங்கி, நாடா வளையத்தில் கை நுழைத்து மிதந்தான்.

"இழுங்கடி!" என்றாள் மீன்காரி.

இழுத்தார்கள். எங்கள் பக்கத்து ஜனத்துக்கு வடம் இழுக்கத் தெரியாமல் இருக்குமா? வருடா வருடம் தேர் இழுக்கிறவர்கள். மூச்சைப் பிடித்து நின்று, ஒருத்தி குரல் கொடுக்க, முப்பது பேரும் ஒரே வெட்டாக வெட்டி இழுத்தார்கள். தேராக இருந்தால் அசைந்து கொடுத்திருக்கும். மச்சான் தண்ணீருக்குள் குப்புறப் போய், தோள்பட்டை பிசகி, வளையத்திலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்து, கேட்க முடியாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினான். குப்பத்து ஆண்கள் மணலில் உருண்டு சிரித்தார்கள்.

மீன்காரி சிரிக்கவில்லை. "தேரு நின்னுக்கினு இருக்கும், நீங்க இஸ்த்தாதான் நவுரும். கடலு சொம்மா இருக்காது. அலை வரும்போது அதுவே கொண்டாந்து குடுக்கும், அப்ப நடந்து வாங்குங்க. அலை திரும்பும்போது அது கேக்கும், அப்ப குடுக்காம கெட்டியா புடிச்சி நில்லுங்க. வெட்டி இழுக்காதீங்க," என்றாள். அன்று முழுக்க அதையே செய்தோம். தை மாதம் முழுக்க நான்கு தடவை போனோம். தேர் பழக்கம் உடம்பிலிருந்து போவதற்கு அவ்வளவு நாள் ஆனது.

விழாவுக்குப் பொறுப்பான அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எந்த ஆபீஸ் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் மேஜை மேல் என் தலையணை ஒன்று இருந்தது.

"இதுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்குதா?"

"இல்லிங்க."

"பர்மிஷன் யார் குடுத்தா?"

"போன வருஷம் செத்தவங்களுக்கு யாருங்க பர்மிஷன் குடுத்தா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. இந்த வருடம் படகுச் சவாரிக்கே தடை, ஆகையால் கயிறும் தேவையில்லை, கடற்கரைக்குக் கொண்டுவந்தால் பறிமுதல் என்றார். நான் மேஜை மேலிருந்த என் தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் கூப்பிட்டார். திரும்பவில்லை.

மாசி மகம் வந்தது. கடற்கரையில் தடைப் பலகை நட்டிருந்தார்கள். பலகைக்கு வடக்கே நூறு அடி தள்ளி ஜனம் படகில் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் கயிற்றைச் சுருட்டி வண்டியில் வைக்கோலுக்கு அடியில் கொண்டுவந்து, படகு போகிற இடத்துக்கு நேரே மணலில் இறக்கினோம். ஒரு போலீஸ்காரர் வந்து இது என்ன என்றார். குருவிநத்தத்து அக்கா கயிற்றுச் சுருள் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "தலகாணி விக்க வந்தோம். வேணுமா?" என்றாள். மற்ற பெண்களும் ஆளுக்கொரு தலையணை மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் பறிமுதல் செய்யவேண்டும் என்றால் முப்பது பெண்பிள்ளைகளைத் தூக்கவேண்டும். போய்விட்டார்.

உச்சி வெயில் நேரத்தில் நான்காவது சவாரி கவிழ்ந்தது. அதே இடம், அதே மாதிரி.

மீன்காரியின் புருஷன் கயிற்று முனையோடு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். பந்தலிலிருந்து மைக்கில், "யாரும் கயிற்றைத் தொடக் கூடாது, ஆட்கள் வருகிறார்கள்," என்று அதிகாரியின் குரல் கேட்டது. எங்கிருந்து வருகிறார்கள்? கட்டுமரம் வளைவாகச் சுற்றி வந்து மறு முனையைக் கரையில் போட்டது. தண்ணீருக்குள் ஓடப்போன ஜனத்தை மீன்காரியும் நானும் புடவையைப் பிடித்து, தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கயிற்றில் நிறுத்தினோம். இரண்டு பக்கமும் எழுபது, எண்பது கை. கடலில் தலைகள் ஒவ்வொன்றாகத் தலையணைக்கு வந்து சேர்ந்தன.

"வாங்கு!" என்றால் நடந்தோம். "புடி!" என்றால் நின்றோம். யாரும் வெட்டவில்லை. முதலில் ஒரு பெரியவர் வந்து மணலில் விழுந்தார். பிறகு ஒரு பெண், பிறகு மூன்று பேர் சேர்ந்தாற்போல. நான் அழுதுகொண்டேதான் இழுத்தேன்.

அப்போதுதான் எங்களில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தது. கரைக்கு வந்தவளின் தங்கச்சி, கயிற்றை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொள்ள ஓடினாள். அடுத்தவன் வந்தான், அவனுடைய அப்பாவும் மாமனும் ஓடினார்கள். ஒவ்வொரு ஆள் கரையேறும்போதும் இழுக்கிற கை நான்கு, ஐந்து குறைந்தது. தன் வீட்டு ஆள் வந்ததும் அவரவருக்குத் திருவிழா முடிந்துவிட்டது. கடைசித் தலையணைகளில் இன்னும் ஆள் தொங்குகிறது, இந்தப் பக்கம் கயிற்றில் பத்து ஆள்கூட இல்லை. திரும்புகிற அலை எங்களைக் கணுக்கால் தண்ணீருக்கு இழுத்தது.

"அடி பாவிங்களா, உங்க வூட்டுது வந்துட்டா போதுமா? அது யாரு பெத்ததுடி?" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. யாருக்கும் காது கேட்கவில்லை.

கயிற்றில் மிஞ்சியது, கடலில் தங்கள் வீட்டு ஆள் யாருமே இல்லாதவர்கள்தான். குருவிநத்தத்துப் பெண்கள் சிலர், மீன்காரி, என் வீட்டுக்காரர், நான். முன்னால் அக்கா. அலை எங்களைக் கேட்டது, நாங்கள் கொடுக்கவில்லை. அக்கா குதிகாலை மணலில் புதைத்துக்கொண்டு, கயிற்றை இடுப்பில் ஒரு சுற்று சுற்றி, பின்னால் சாய்ந்து நின்றாள். உள்ளங்கை கிழிந்து கயிறு சிவந்திருந்தது. அலை வந்தது, வாங்கினோம். இன்னொன்று வந்தது, வாங்கினோம்.

கடைசித் தலையணை மணலில் தட்டியது. அதில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒரே தலையணை. ஒருத்தியின் கை மற்றவளின் கழுத்தைச் சுற்றியிருந்தது. இருவருக்கும் உயிர் இருந்தது.

அக்கா அவர்களையே பார்த்தாள். தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தாங்குது, பாயம்மா."

எங்கே ஓடுவது? "தாங்கும்க்கா," என்றேன். "எனக்கு ஒரு வருசமாத் தெரியும்."

ஓங்கி ஒரு அறை கொடுத்தாள். எனக்குத் தலை சுற்றியது. என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த அறை எனக்கு வேண்டியதுதான். அந்தப் பொய்யும் அவளுக்கு ஒரு வருடம் வேண்டியிருந்தது. அதை மட்டும் இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதற்குள் அதிகாரி நோட்டும் பேனாவுமாக வேகமாக வந்துவிட்டார். கூடவே அந்தப் போலீஸ்காரர். ஈரமாகக் கிடந்த இரண்டு பெண்களை அவர் கண் பார்த்ததோ இல்லையோ, கயிற்றைத்தான் காட்டினார்.

"தடையை மீறி இதை இங்கே கொண்டுவந்தது யாரு? பேரைச் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். இடுப்பில் கயிறு இன்னும் சுற்றியபடியே இருந்தது. அவள் ஊரும் சொந்தமும், புருஷன் வீட்டு உறவு முழுக்கவும் சுற்றி நின்றது. அவள் குரலை இறக்கவில்லை.

"நான்தான். குருவிநத்தம். எழுதிக்க. போன வருசம் இதே எடத்துல எங்க நாத்தனாரத் தள்ளி வுட்டுக் கொன்னது நான். இந்த வருசம் இந்த ரெண்டு பேர இஸ்த்துக் கரயில போட்டதும் நான். ரெண்டையும் எழுதிக்க. ஒன்ன மட்டும் எழுதினே, நோட்டக் கிழிச்சிக் கடல்ல போட்டுடுவேன்."

அவர் எழுதவில்லை. நோட்டை மூடினார்.